கடல் செலவில் உயிருக்கும் ஒரு கணக்கு வையுங்கள்

நம் தூத்துக்குடிக் கரையில் வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டிமாருக்கும், அதில் ஏறித் தொழிலுக்குப் போகும் பங்குக்காரர்களுக்கும், ஊர்க் கமிட்டியாருக்கும் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். கரையோரம் தகரக் கொட்டகை போட்டு, வள்ளத்தின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மிஷின் பழுது பார்க்கிறவன். மெக்கானிக் ஆவதற்கு முன்னால் ஏழு வருஷம் அப்பாவின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனேன். கடலையும் மிஷினையும் இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். வயதில் மூத்த அண்ணாச்சிமார் தப்பாக நினைக்க வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்துக்காக ஏப்ரல் 15-ஆம் தேதி விசைப்படகுகளைக் கட்டியாயிற்று. ஜூன் 14 வரை, 61 நாள், மார்க்கெட்டுக்கு மீன் நம் வள்ளங்களில்தான் வர வேண்டும். மற்ற நாளில் ஏலத்தில் சீண்ட ஆளில்லாத மீனுக்குக்கூட இந்த இரண்டு மாதம் விலை உண்டு. விலை இருக்கிறது என்றால் நமக்குக் கால் நிற்காது. வழக்கமாக இருபது பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) ஆழத்தில் வலை விடுகிறவர் முப்பது பாகத்துக்குப் போவார், முப்பதுக்குப் போகிறவர் நாற்பதுக்குப் போவார். சரியாக அதே நேரத்தில்தான் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, எழும்புகிறது. மன்னார் வளைகுடாவிலும் குமரிக்கடலிலும் சூறைக்காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் என்று வானிலை மையத்தின் செய்தி இனி அடிக்கடி வரும். செல்லில் வந்ததும் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறோம். காற்று 25-இலிருந்து 50 ஆனால் வேகம்தான் இரண்டு மடங்கு. அது வள்ளத்தைத் தள்ளுகிற விசை நான்கு மடங்கு. இரண்டு மாதத்துக்கு முன்னால் 25-இல் அலுங்காமல் வந்த வள்ளம்தானே என்று 50-இல் இறக்கினால் அது வேறு வள்ளம்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்லிவிட்டு அப்புறம் காரணத்துக்கு வருகிறேன்.

மீன் விற்ற பணம் கைக்கு வந்ததும் முதலில் கடல் செலவைக் கழிக்கிறோம். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஐஸ், இரை, சாப்பாடு, டீ, வெற்றிலை வரை அதில் எழுதுகிறோம். மிச்சத்தைத்தான் பங்கு வைக்கிறோம். வள்ளத்துக்கு இவ்வளவு, மிஷினுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. இதில் லைஃப் ஜாக்கெட், டார்ச் பேட்டரி, ஆபத்தில் கொளுத்திக் காட்டும் தீச்சுடர், விஎச்எஃப் ரேடியோவின் பேட்டரி, ஸ்பேர் பிளக் எல்லாம் எங்கே வருகிறது? எங்கேயும் வராது. கேட்டால் “அது சம்மாட்டி பாடு” என்பார்கள் பங்குக்காரர்கள். சம்மாட்டியைக் கேட்டால் “போன வருஷம் வாங்கிப் போட்டேன், நீங்கதானே தொலைச்சீங்க” என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பொதுவில் இல்லாத பொருளை யார் பேணுவார்கள்? ஆகவே பாதுகாப்புச் சாமான் வாங்குகிற செலவைக் கடல் செலவில் சேருங்கள். பங்கு வைப்பதற்கு முன்னால் கழியுங்கள். ஒரு தடவை தொழிலுக்குப் போய் வந்தால் 100 ரூபாய். மாதம் 20 தடவை போனால் 2,000 ரூபாய், ஆறு மாதத்தில் 12,000 ரூபாய். நாலு பேர் போகிற வள்ளத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதியை அதில் வாங்கிவிடலாம். ஒவ்வொருவர் பங்கிலிருந்தும் போவது சில ரூபாய்தான். ஊர்க் கமிட்டியில் வைத்து இதை முடிவாக்கித் தர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயதில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா, சித்தப்பா, நான், பக்கத்து வீட்டு அண்ணன். நாலு பேர். மணப்பாட்டுக்குக் கிழக்கே வலை விட்டு எடுத்துத் திரும்பும்போது மத்தியானம் மூன்று மணி இருக்கும். மிஷின் இரண்டு தடவை இருமியது, நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். எண்ணெய்க் கேனைத் தூக்கிப் பார்த்தால் அடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தனியாக நிற்கிறது. கேனின் மூடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. அதைத் துணி வைத்து அடைத்துப் பல நாள் ஓட்டியிருந்தோம். தெறித்த உப்புத்தண்ணீர் அந்தத் துணி வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்து, பிளக்கை எடுத்துக் காயவைத்தால் ஓடியிருக்கும். பிளக் ஸ்பேனர் வீட்டில் இருந்தது. முந்தின வாரம் தம்பி எதற்கோ எடுத்துப்போய்த் திண்ணையில் வைத்ததை யாரும் திரும்ப வள்ளத்தில் போடவில்லை.

நங்கூரம் போட்டோம். கயிறு இருபத்தைந்து பாகம். அங்கே ஆழம் நாற்பதுக்கு மேல். நங்கூரம் தண்ணீரில் தொங்கிக்கொண்டு வந்தது, தரையைத் தொடவில்லை. கச்சான் வடகிழக்கே தள்ளியது. அந்தத் திசையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1976 ஒப்பந்தத்தில் இந்த வளைகுடாவில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே வரைந்த எல்லைக்கோடு இருக்கிறது. மிஷின் நின்றுபோய் மிதந்து வருகிறவனா, மீன் பிடிக்க வருகிறவனா என்று அந்தக் கோட்டுக்கு அப்பால் இருட்டில் யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

பொழுது இறங்கியதும் அப்பா வலையில் பாதியை அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்முனையில், கட்டிக் கடலில் இறக்கச் சொன்னார். அது தண்ணீரைப் பிடித்து இழுத்தது, வள்ளத்தின் தலை அலைக்கு நேரே திரும்பியது. அதுவரை பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்த அலை அணியத்தில் பிளந்து போனது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு யோசனை. ராத்திரி பதினொரு மணி வாக்கில் ஒரு கப்பல் எங்களைப் பார்த்து வந்தது. அதன் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் இரண்டும் சேர்ந்து தெரிந்தன. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது நேரே நம் மேல் வருகிறது என்று அர்த்தம். டார்ச்சை எடுத்தோம். பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. சித்தப்பா தன் சட்டையைக் கழற்றி எண்ணெயில் நனைத்துத் துடுப்பில் சுற்றிக் கொளுத்தினார். தண்ணீர் கலந்த எண்ணெய், சடசடவென்று பொரிந்து, பிறகு பிடித்துக்கொண்டது. மீன்பெட்டிக்கும் எண்ணெய்க் கேனுக்கும் நடுவே நின்று தீப்பந்தம் பிடிப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று பாருங்கள். கப்பலில் பார்த்தார்களோ, இல்லை அதுவே விலகியதோ தெரியாது. அது போன அலையில் நாங்கள் கிட்டத்தட்டக் கவிழ்ந்தோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேறு ஊர் வள்ளம் ஒன்று கண்டு கயிறு போட்டு இழுத்து வந்தது. குடிக்க இருந்தது இரண்டு லிட்டர் தண்ணீர். அதுவும் முந்தின நாள் மத்தியானமே தீர்ந்துவிட்டிருந்தது.

அந்தப் பதினெட்டு மணி நேரத்தில் எங்களுக்கு இல்லாமல் போனவற்றைக் கூட்டிப் பாருங்கள். ஒரு கேன் மூடி, ஒரு பிளக் ஸ்பேனர், கொஞ்சம் கயிறு, இரண்டு பேட்டரி, ஒரு கேன் தண்ணீர். அன்றைய பிடிப்பில் ஒரு கூடை மீனின் விலைகூட வராது.

அதற்குப் பிறகுதான் நான் மிஷின் வேலை கற்றுக்கொள்ளப் போனேன். இன்றைக்கு என் கொட்டகைக்கு இழுத்து வரப்படும் மிஷின்களில் பாதிக்கு மேல் பெரிய கோளாறே இருக்காது. எண்ணெயில் தண்ணீர், எண்ணெயில் மணல், கரி பிடித்த பிளக், தேய்ந்த இம்பெல்லர். இவைதான் திரும்பத் திரும்ப வரும். இம்பெல்லர் என்பது தண்ணீரை உறிஞ்சி மிஷினைக் குளிர வைக்கும் சின்ன ரப்பர்ச் சக்கரம். மிஷினின் அடிக்காலில் இருக்கிறது. முகத்துவாரத்திலும் கரையடியிலும் மணல் கலந்த தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சி அதன் இதழ்கள் தேய்ந்துபோகும். நமக்கு அது கண்ணில் படாது. கண்ணில் படுவது ஒன்று உண்டு. மிஷினை ஸ்டார்ட் செய்ததும் பின்னால் சின்னத் துளையிலிருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். அந்தப் பீச்சல் மெலிந்தால் கரைக்குத் திரும்புங்கள். “போகப் போகச் சரியாயிரும்” என்று போனவர்களின் பிஸ்டனை நான் சுத்தியலால் தட்டித்தான் கழற்றியிருக்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவை, அதுவும் இந்தச் சீசனுக்கு முன்னால், இம்பெல்லரை மாற்றிவிடுங்கள். தொழில் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் டிரம்மில் மிஷினை வைத்துப் பத்து நிமிஷம் ஓட்டுங்கள். உள்ளே உப்பு படிந்து வழி அடைபடாது.

எண்ணெய்க் கணக்கில் ஒரு பழக்கம் வேண்டும். இருக்கிற எண்ணெயில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பாக இருக்கட்டும். கச்சானுக்கு எதிராகத் திரும்பும்போது, போகும்போது குடித்ததைவிட மிஷின் அதிக எண்ணெய் குடிக்கும். அந்த மூன்றாவது பங்கைத் தனிக் கேனில் வைத்துக் கட்டுங்கள். ஒரே கேனில் இருந்து அதில் தண்ணீர் கலந்தால் எல்லாமே கலந்ததுதான். ஊற்றும்போது சல்லடைத் துணி போதாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கடையில் கிடைக்கிறது, எண்ணெய்க் குழாயின் நடுவில் மாட்டுவது. அடியில் தண்ணீர் தேங்கினால் கண்ணுக்குத் தெரியும், திருகித் திறந்து விட்டுவிடலாம். எங்கள் வள்ளத்தில் அன்றைக்கு அது இருந்திருந்தால் நான் மெக்கானிக் ஆகியிருக்க மாட்டேன்.

மிஷினை நிறுத்துகிற சிவப்புச் சுருள் கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் ஒரு முனை மிஷினில், மறு முனை ஓட்டுகிறவரின் இடுப்பிலோ கையிலோ இருக்க வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு உருவி மிஷின் நின்றுவிடும். நம் கரையில் பத்து வள்ளத்தைப் பார்த்தால் ஒன்பதில் அந்தக் கிளிப்பை மிஷினிலேயே நிரந்தரமாகக் கட்டி வைத்திருக்கிறோம். ஓட்டுகிறவர் விழுந்தால் சுக்கான் பிடிக்க ஆளில்லாத வள்ளம் வட்டமடித்து அவர் மேலேயே வரும், சுற்றுகிற புரொப்பல்லரோடு. தனியாகப் போகிறவர்களாவது, தம்பிமாரே, அதை அவிழ்த்து இடுப்பில் மாட்டுங்கள். ஒரு நிமிஷ வேலை, காசு கிடையாது.

சரி, மிஷினை விட்டு வள்ளத்துக்கு வருவோம். ஃபைபர் வள்ளம் மரம் மாதிரி இல்லை, உளுத்தால் வெளியில் காட்டாது. எஞ்சின் மாட்டும் பின்பலகையைக் கைமுட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டணார் என்று கேட்கும். உள்ளே பலகை ஊறியிருந்தால் சத்தம் அமுங்கி, மெத்தையில் தட்டியது போல வரும். போல்ட் துளையில் பழுப்புத் தண்ணீர் வழிந்த தடம் இருந்தாலும் அதேதான். அப்படிப்பட்ட பின்பலகை பெரிய அலையில் மிஷினோடு பெயர்ந்து போய்விடும். வள்ளத்தின் அடியிலும் அணியத்திலும் மூடிய அறைக்குள் இருக்கிற ஃபோம்தான் கவிழ்ந்தாலும் வள்ளத்தை மிதக்க வைக்கிறது. வெடிப்பு வழியே தண்ணீர் போய் அது ஊறியிருந்தால் வள்ளம் கரையில் தூக்கும்போதே கனக்கும். “முன்னெல்லாம் எட்டுப் பேர் தூக்குவோம், இப்பப் பத்துப் பேர் வேணும்” என்று போன மாதம் ஒரு சம்மாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டை போட்டுப் பார்த்தோம், ஒரு குடம் தண்ணீர் வந்தது.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் நாம் எல்லாரும் நம்மிடமே உண்மை பேச வேண்டும். ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் ஜாக்கெட் வரும். பக்கத்து வள்ளத்தின் ஜாக்கெட் நம் வள்ளத்துக்கு வரும், நம்முடையது அடுத்த வள்ளத்துக்குப் போகும். ஒரே நாலு ஜாக்கெட் பத்து வள்ளத்தில் ஏறி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆய்வு செய்ய வந்தவர் அன்றைக்கு எண்ணிக்கையை எழுதிக்கொண்டார், ஜாக்கெட்டை ஒரு தடவை தண்ணீரில் போட்டுப் பார்க்கவில்லை. அவர்மேல் மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். கடலில் நம் பிள்ளைகள்தானே போகிறார்கள், ஏமாற்றியது யாரை?

இருக்கிற ஜாக்கெட்டை என்ன செய்கிறோம்? ஐஸ்பெட்டி மேல் போட்டு உட்காருகிறோம். தலைக்கு வைத்துத் தூங்குகிறோம். மாதக்கணக்கில் நசுங்கிய ஃபோம் பழைய மிதப்பைத் தராது. வெயிலில் வெளிறிய துணி தையலில் விட்டுவிடும். இதைக் கரையிலேயே சோதிக்கலாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கி, காலைத் தூக்கி மல்லாந்து படுங்கள். வாய் தண்ணீருக்கு மேலே நன்றாக நிற்க வேண்டும், ஜாக்கெட் தோளுக்கு மேலே ஏறி முகத்தை மூடக் கூடாது. ஏறினால் கால்களுக்கு நடுவே வரும் பட்டை இல்லை, அல்லது அளவு பெரிது. விசில் தொங்குகிறதா, டார்ச் அடித்தால் மின்னும் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரியில் ஒரு தலை மட்டும் தண்ணீரில் தெரிகிறவனைத் தேடிப் பார்த்தவர்களுக்கு அந்த மின்னும் பட்டையின் அருமை தெரியும்.

“நாம கடல்ல பொறந்தவன்லே, நமக்கு எதுக்கு ஜாக்கெட்டு?” என்று கேட்கிற மூத்தவர்கள் இருக்கிறீர்கள். உங்கள் நீச்சலில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் முகத்துவாரத்து அலை வள்ளத்தைப் புரட்டும்போது மிஷின் தலையில் இடித்தால் மயங்கிய ஆளுக்கு நீச்சல் தெரியாது. வலை காலில் சுற்றினாலும் அதேதான். ராத்திரி மற்றவர்கள் தூங்கும்போது வள்ளத்தின் ஓரத்தில் நின்று ஒன்றுக்கு இருக்கப் போய்த் தவறியவர்கள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு ஊரிலும் கேட்டுப் பாருங்கள். வலை இழுக்கும்போது பருமனான ஜாக்கெட் கையைத் தடுக்கிறது என்பது நியாயமான குறை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் தோளில் மெல்லிசாகக் கிடந்து, தண்ணீரில் விழுந்ததும் காற்று நிரம்புகிற ரகம் வந்திருக்கிறது. விலை கூடுதல், அதன் சிலிண்டரை அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். அது முடியாவிட்டால் மூன்று நேரத்தில் மட்டுமாவது கட்டாயம் என்று வையுங்கள்: முகத்துவாரம் தாண்டும்போது, ராத்திரியில், காற்று எழும்பியபோது. சாதாரண ஜாக்கெட் ஒன்றின் விலை ஒரு நாள் எண்ணெய்ச் செலவுக்குள் அடங்கிவிடும்.

அப்புறம் கூப்பிடுகிற சாமான்கள். 2017 நவம்பர் 29-ஆம் தேதி தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயல் ஆனது. குமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்து ஆட்கள் அதற்குப் பல நாள் முன்னாலேயே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் ஏற்றிய புயல் கூண்டு அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்? செல்போனும் எட்டாது, விஎச்எஃப் குரலும் எட்டாது. அதற்கப்புறம் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் அதிகமாகப் பேச்சுக்கு வந்தன. 2019-இல் கரையின் எச்சரிக்கையைக் கடலில் வாங்கித் தரும் ஜெமினி என்ற கருவி வந்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 1 லட்சம் படகுகளுக்கு, படகு இருக்கும் இடத்தைக் கரைக்குக் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவி மாட்டும் திட்டத்தைத் தொடங்கியது. கரையிலிருந்து எச்சரிக்கை வரும், நாமும் ஆபத்து என்று அனுப்பலாம். இது மாட்டியவர்கள் சிலர் நாம் எங்கே வலை விடுகிறோம் என்று தெரிந்துவிடும் எனப் பயந்து வயரைப் பிடுங்கி விடுகிறார்கள். எங்கே மீன் இருக்கிறது என்ற ரகசியத்தைக் காக்க, எங்கே நாம் இருக்கிறோம் என்பதையும் மறைத்துவிட்டால் தேடி வருகிறவன் எங்கே வருவான்?

கையில் பிடிக்கிற விஎச்எஃப் இருந்தால் சேனல் 16-இல் எப்போதும் திறந்து வையுங்கள். அதன் குரல் கண்ணுக்கு எட்டும் தூரக் கணக்கில்தான் போகும். உட்கார்ந்து பேசுவதைவிட நின்று, ஆன்டெனாவை நேராகப் பிடித்துப் பேசினால் கூடுதல் தூரம் எட்டும். “மேடே, மேடே, மேடே” என்று மூன்று தடவை சொல்லி, வள்ளத்தின் பெயர், பதிவு எண், ஜிபிஎஸ்ஸில் காட்டும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று இந்த வரிசையில் சொல்லப் பழகுங்கள். பதற்றத்தில் எல்லாரும் “காப்பாத்துங்க” என்கிறார்கள், எங்கே என்று சொல்வதில்லை. வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. இரண்டையும் பெயின்ட்டால் ஐஸ்பெட்டியின் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள். செல்லையும் பவர் பேங்கையும் தண்ணீர் புகாத பையில் போட்டு அணியத்தில் கட்டுங்கள்.

சிவப்புத் தீச்சுடர் கையில் பிடித்தால் ஒரு நிமிஷம்தான் எரியும். தூரத்தில் எதையோ கண்டதும் கொளுத்திவிடாதீர்கள், அவர்கள் நம்மைப் பார்க்கும் தூரம் வரும்வரை வையுங்கள். அதில் அச்சடித்த தேதி தாண்டியிருந்தால் நம்பாதீர்கள். பகலில் ஆரஞ்சுப் புகை, இல்லாவிட்டால் ஒரு முகக்கண்ணாடித் துண்டு போதும். வெயிலைப் பிடித்து அடித்தால் மைல் கணக்கில் தெரியும். ராத்திரியில் எல்லாப் பக்கமும் தெரிகிற ஒரு வெள்ளை விளக்கு கட்டாயம். துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்து போகிற பாதையில்தான் நாம் வலை விடுகிறோம். ஃபைபரும் மரமும் கப்பல் ராடாரில் சரியாக விழாது. தகரம் விழும். அலுமினியத் தகட்டை மூலைமூலையாக மடக்கிக் கம்பில் கட்டுகிற பிரதிபலிப்பான் விலை குறைவு. அதுகூட வாங்கவில்லை என்றால் நாம் அங்கே இருப்பதே கப்பல்காரனுக்குத் தெரியாது.

கரையில் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். நாம் பல நேரம் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை தள்ளிவிட்டுப் போகிறோம். யார் யார் போனார்கள், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ ஏலக் கூடத்திலோ ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் இத்தனை மணி நேரம் ஆனால் 1093-க்குச் சொல் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள். கடைசி நிமிஷத்தில் ஆள் மாறி ஏறினால் நோட்டிலும் மாற்றுங்கள். இது ஏன் என்றால், உடல் கிடைக்காமல் காணாமல் போனவரைச் சட்டம் ஏழு வருஷம் கழித்துத்தான் இறந்தவராக எடுத்துக்கொள்ளும். அதற்கு நடுவில் மீனவர் விபத்து இன்ஷூரன்ஸ் 5 லட்சம் ரூபாயும் எளிதில் கைக்கு வராது. அரசு சிறப்பு ஆணை போட்டால்தான் வழி, ஒக்கியில் அப்படித்தான் போட்டார்கள். அவன் அன்றைக்கு அந்த வள்ளத்தில்தான் ஏறினான் என்பதற்கே காகிதம் இல்லாத வீட்டில் பெண்கள் எந்த ஆபீஸ் வாசலில் போய் நிற்பார்கள்? சம்மாட்டிமாரே, இது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு நோட்டு, ஒரு பேனா.

தண்ணீரைப் பற்றி ஒரு வரி. ஒரு நாள் தொழிலுக்குப் போனாலும் ஆளுக்கு இரண்டு நாளுக்குக் குடிதண்ணீர் வையுங்கள். நாளுக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு வைத்தால் நாலு பேருக்கு 24 லிட்டர். ஒரே கேனில் வைக்காமல் இரண்டு மூன்று கேனாகக் கட்டி வையுங்கள், கவிழ்ந்தால் மிதந்து நிற்கும்படி மேலே கொஞ்சம் காலியாக விட்டு.

ஊர்க் கமிட்டியாரிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். கடல் செலவில் 100 ரூபாய் சேர்ப்பதை அடுத்த கூட்டத்தில் பேசுங்கள். அந்தப் பணம் வள்ளத்து வாரியாகத் தனி உண்டியலில் இருக்கட்டும், சம்மாட்டி ஒருவரும் பங்குக்காரர் ஒருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். மூன்றாம் மனிதர் தொடக் கூடாது, திருவிழா வரிக்கும் எடுக்கக் கூடாது. இரண்டாவது, வருஷத்துக்கு ஒரு நாள் எல்லா வள்ளத்தையும் கரையில் வரிசையாக நிறுத்தி, ஒரு வள்ளத்து ஆட்கள் அடுத்த வள்ளத்தின் சாமானைப் பார்க்க வேண்டும். தன் வள்ளத்தைத் தானே பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். பெண்களும் அன்றைக்கு வரட்டும். எந்த ஜாக்கெட் மிதக்கிறது, எது முங்குகிறது என்று அவர்களும் பார்க்கட்டும். வீட்டுக்காரர் கிளம்பும்போது எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் தடவை அதைத் தொடங்க நான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நாம் தொழிலுக்குப் போவதில்லை. வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்து ஒன்பது மணிக்கு என் கொட்டகைக்கு முன்னால் மிஷினையும் ஜாக்கெட்டையும் கொண்டு வாருங்கள். பார்த்துக் கொடுக்கக் கூலி வேண்டாம், மாற்றுகிற சாமானுக்கு மட்டும் கடை விலை கொடுத்தால் போதும். இம்பெல்லர் ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பிளக் ஸ்பேனர் பத்து இருக்கிறது, இல்லாதவர்கள் எடுத்துப் போகலாம். எடுத்துப் போகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள், அதைக் கயிற்றில் கட்டி வள்ளத்தோடு முடிந்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கரை மெக்கானிக்